வாங்குகிறவர் பக்கம்

கச்சான் காற்றுக்கு டென்னிஸ் தெரியாது.
கீழக்கரையில் ஆடி மாதம் டோர்னமெண்ட் வைத்தவனுக்குக்
கச்சான் தெரியாது.
சர்வ் போடப் பந்தைத் தூக்கினால்
அடுத்த வீட்டுப் பிள்ளை மாதிரி
அது வடகிழக்கே நடந்து போகிறது.

கோர்ட்டுக்குத் தெற்கே கடல்.
ஏழு நாளாகப் படகு போகவில்லை, அதனால் கூட்டம் உண்டு.
நங்கூரக் கயிற்றுச் சுருள்மேல் உட்கார்ந்து
இரட்டையர் முதல் சுற்றை
மீன் ஏலம்போலப் பார்க்கிறார்கள்.
ஒவ்வொரு டபுள் ஃபால்ட்டுக்கும்
"சங்காயம்" என்கிறார் ஒருவர்.

எதிரே ஒரு செர்பியாக்காரன், ஒரு தாய்லாந்துக்காரன்.
நேற்று, பதிவு முடியப் பத்து நிமிடம் இருக்கையில்
ஜோடியானவர்கள்.
பொதுவாக ஒரு மொழி இல்லை.
பந்துக்குப் பந்து கையில் கை தட்டிச் சிரிக்கிறார்கள்.

நானும் தொண்டி ஜபருல்லாவும் பதினோரு வருடம்.
ஊர்க்காரர்கள் என்று வைல்ட் கார்டு கொடுத்தார்கள்.
அவன் முகத்தைவிட
முதுகுக்குப் பின்னால் இருக்கும் இடது கையைத்தான்
அதிகம் பார்த்திருக்கிறேன்.
நான் சர்வ் போடுமுன் வலையோரம் குனிந்து காட்டுவான்.
மூடிய கை: இங்கேயே நிற்கிறேன்.
விரித்த கை: குறுக்கே பாய்வேன்.
சுண்டுவிரல் மட்டும் என்றால்
தெரியவில்லை, நீயே பார்த்துக்கொள்.

இன்று முழுக்கச் சுண்டுவிரல்.

லக்னோவின் அடுத்த வாரப் பட்டியல் ராத்திரி வந்தது.
அவன் பெயருக்குப் பக்கத்தில்
இருபது வயதுப் பையன் ஒருவன்.
தட்டச்சுப் பிழையாக இருக்கும் என்று
மறுபடி திறந்து பார்த்தேன்.
இன்னாசிமுத்துவை எப்போதும் இக்னாசி முட்டு ஆக்குகிறவர்கள்
அந்தப் பையனைச் சுத்தமாக எழுதியிருந்தார்கள்.

நாலு ஆறு. நாலு ஐந்து. டியூஸ்.
இங்கே டியூஸுக்குப் பிறகு அட்வான்டேஜ் கிடையாது,
ஒரே பாயிண்ட்.
விட்டால் பஸ் ஸ்டாண்ட்.
சர்வை எந்தப் பக்கம் வாங்குவது என்பது மட்டும்
வாங்குகிறவர்கள் இஷ்டம்.
வலது என்றால் அவன், இடது என்றால் நான்.
உயர நாற்காலியில் அம்பயர் அம்மா
தொப்பியை அமுக்கிப் பிடித்தபடி காத்திருந்தார்.

"யாரு?" என்றான்.
காலையிலிருந்து முதல் சொல்.
பதினோரு வருடத்தில் ஒருதரம்கூடக் கேட்டதில்லை,
எனக்கு என்று போய் நிற்பான்.
இந்தப் பந்தைப் பற்றித்தான் கேட்டானா, தெரியவில்லை.
"நீயே எடு" என்றேன்.
எதைப் பற்றிச் சொன்னேன், அதுவும் தெரியவில்லை.

செர்பியாக்காரன் மூன்று முறை பந்தைத் தூக்கி
மூன்று முறையும் பிடித்துக்கொண்டான்.
நான்காவதை அடித்தான்.
காலடிக்கு வந்ததை ஜபரு எப்படியோ திருப்பினான்.
தாய்லாந்துக்காரன் ஒரு லாப்,
உயரமாக, எங்களுக்குச் சரியாக நடுவில்.

மதுரையில் ஒருமுறை இதே பந்துக்கு
இருவரும் "எனக்கு" என்று கத்தி
ராக்கெட்டோடு ராக்கெட் மோதி உடைத்திருக்கிறோம்.
இன்று இருவரும் "உனக்கு" என்றோம்.
நின்றுவிட்டோம்.
இறங்கும் வழியில் கச்சானுக்கு ஏதோ தோன்றியிருக்க வேண்டும்.
பேஸ்லைனுக்கு நாலு விரல் வெளியே விழுந்தது.
கயிற்றுக்காரர்கள் எழுந்து விசிலடித்தார்கள்,
கணக்குப் போட்டுத்தான் விட்டோம் என்று நினைத்து.

அந்த செட் ஏழு ஐந்து, எங்களுக்கு.
டைபிரேக்கில் மூன்றுக்குப் பத்து என்று தோற்றோம்,
அதில் சொல்ல ஒன்றுமில்லை.
பிடித்தம் போக ஆளுக்கு மூவாயிரத்துச் சொச்சம்.

பஸ் ஸ்டாண்ட் பக்கத்துப் பரோட்டாக் கடையில்
எனக்கு முன்னால் அவன்.
தோளில் கிட்பேக்,
காதோரம் உப்பு,
இடது கை பழக்கத்தில் முதுகுக்குப் பின்னால்.
மூடியிருந்தது.

சில்லறை வைத்திருந்தான் போல.

ராமநாதபுரம் வண்டி ஹாரன் அடிக்கிறது.
"இன்னாசி, உனக்கு முட்டையா, சாதாவா?"
என்கிறான், திரும்பாமல்.